விளக்குக்காரிக்குக் கால் வலித்தது

எங்கள் கம்பெனியில் சுவரக்காவுக்கு வேலை, சுவரில் முட்டுவது. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வீடியோ கேம் செய்கிற இடத்தில் படம் வரைகிறவருக்கும் இசை போடுகிறவருக்கும் இருக்கிற மரியாதை, முட்டிப் பார்க்கிறவருக்கு எங்கேயும் கிடையாது. ஆனால் ஓர் ஊரையே செய்து முடித்த பிறகு, விளையாட வருகிற ஆள் ஏதோ ஒரு வீட்டுச் சுவரில் சாய்ந்த மாத்திரத்தில் சுவருக்குள் நுழைந்து, அடியே இல்லாத வானத்தில் விழுந்துகொண்டே இருந்தால், ஊர் செய்தவர்களின் மானம் கப்பலேறிவிடும். எங்கள் மானம் பதினொரு வருடம் கப்பலேறாமல் பார்த்துக்கொண்டது அக்காதான். இடது தோளைச் சுவரோடு உரசிக்கொண்டு தெருத் தெருவாக, சந்து சந்தாக, நாளுக்கு எட்டு மணி நேரம் நடப்பார். நாற்காலியில் உட்கார்ந்தபடிதான். ஆனாலும் சாயங்காலம் எழுந்திருக்கும்போது, "கால் விட்டுப்போச்சு" என்பார். அதை நாங்கள் யாரும் கேலி செய்ததில்லை.

எனக்கு அவருக்குப் பக்கத்து மேஜை. கேமில் நடமாடும் ஊர்க்காரர்கள் எப்போது எழுவது, எங்கே போவது, மழை வந்தால் எங்கே ஒதுங்குவது என்றெல்லாம் விதி எழுதுவது என் வேலை. அதனால் எனக்கு 'மூளை' என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் தப்பு செய்கிற நாட்களில் இந்தப் பெயரை வைத்து என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி தொடங்கியது வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் ஒரு கடைக்கு மேலே, இரண்டு அறைகளில். தொடங்கியவரை நாங்கள் கேப்டன் என்போம். அவருடைய முதல் கேம் ஒரு கப்பலைப் பற்றியது. கப்பல் சந்தைக்கு வந்த வாரமே மூழ்கிவிட்டது, பட்டம் மட்டும் அவரோடு தங்கிவிட்டது. அப்போது நாங்கள் நாலு பேர்: கேப்டன், ஓவியர், இசைக்காரர், நான். இரண்டாவது கேம் செய்துகொண்டிருந்தபோது அது திடீர் திடீரென்று உறைந்து நின்றது. எப்போது நிற்கும், ஏன் நிற்கும், ஒன்றும் புரியவில்லை. ஒரு மாதம் மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். நான் எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். அப்போதும் நின்றது.

அக்கா அந்தச் சமயத்தில் கீழே கடையில் போன் எடுக்கும் வேலையில் இருந்தார். எங்களுக்கு வந்த ஒரு தபாலைக் கொடுக்க மேலே வந்தவர், கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. கீழ மெஷின்ல துணி உலர்த்திப் பாக்கறப்போதான் மேல நீங்க எல்லாரும் கத்தறீங்க. ஒரு மாசமா கேட்டுக்கிட்டிருக்கேன்."

கேப்டன் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஒரு வயர் தளர்ந்திருந்தது. கீழே மெஷின் வேகமெடுத்தால் தரை அதிரும், வயர் ஆடும், கேம் நின்றுவிடும். அவ்வளவுதான் விஷயம். நான் அழித்து எழுதிய ஒரு மாதத்தை யார் திருப்பித் தருவார்கள்?

கேப்டன் அன்று இரண்டு காரியம் செய்தார். அக்காவை மேலே வேலைக்குக் கூப்பிட்டார். அடுத்ததாக, சுவரில் இருந்த பலகையில் ஒரு விதி எழுதினார்: 'மூன்று முறை காட்டினால்தான் பிழை.' எல்லோர் முன்னாலும் மூன்று முறை செய்து காட்ட முடியாத எதற்குப் பின்னாலும் இனிமேல் யாரும் ஓடக்கூடாது. அப்படிப்பட்டவற்றுக்குப் பிழைப் பட்டியலில் தனியாக ஒரு கட்டம் போட்டார். அதற்குக் 'கனவு' என்று பெயர். எங்கள் எல்லோருடைய பெயரிலும் அந்தக் கட்டத்தில் நாலைந்தாவது இருக்கும். என் பெயரில் முப்பத்திரண்டு. அக்கா பெயரில் ஒன்றுகூட இல்லை.

அக்கா பார்த்த உலகங்களை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். விளையாடுகிறவர்களுக்கு வண்ணம் அடித்துக் கதவு போட்ட ஊர்தான் கிடைக்கும். அக்காவுக்கோ அது பிறப்பதற்கு முன்னால் இருந்த ஊர் கிடைத்தது. வீடுகள் எல்லாம் சாம்பல் நிறம். வானத்துக்கு நிறமே வந்திருக்காது. நடந்தால் காலடிச் சத்தம் இல்லை. ஊர்க்காரர்கள் முகம் எழுதப்படாமல், தையல்காரரிடம் அளவு கொடுக்கிற மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தெருவில் நிற்பார்கள். அவர்களுக்கு நடுவே அக்கா தன்னந்தனியாக நடந்துகொண்டிருப்பார். "பயமா இல்லையாக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பயமென்ன? எல்லாரும் இன்னும் தூங்கறாங்க. எழுப்பாம நடக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

இரண்டாவது கேம் ஏதோ சுமாராக ஓடியது. அதற்கப்புறம் சில வருடங்கள் மற்ற கம்பெனிகளின் கேம்களுக்கு மர இலைகளும் கார்ச் சக்கரங்களும் செய்து கொடுத்துப் பிழைத்தோம். அப்புறம் மூன்றாவது கேமைத் தொடங்கினோம். ஏழு வருடம் இழுத்த கேம் அது. ஒரு புல்வெளி, அதைச் சுற்றி ஒரு சின்ன ஊர். புல்வெளி மட்டும் தயாராகியிருந்த முதல் மாதத்தில் கேப்டன் ஒரு வழக்கம் ஏற்படுத்தினார். ஆளுக்கு ஒரு பொருள், எதுவானாலும் சரி, யாரையும் கேட்காமல் அதில் வைக்கலாம். நான் ஒரு கோணல் தபால்பெட்டி வைத்தேன். இசைக்காரர் ஒரு மணி வைத்தார். ஓவியர் தன் பூனையை வைத்தார். கேப்டன் வேறு என்ன வைப்பார், ஒரு நங்கூரம்.

அடுத்த வருடம் அவருக்குப் புல்வெளி சலித்துவிட்டது. "இங்க ஒரு ஏரி இருக்கணும்" என்று சொல்லிவிட்டு ஒரே நாளில் புல்வெளி மேல் தண்ணீரை ஊற்றிவிட்டார். 'என் மணி, என் பூனை' என்று ஆளாளுக்குக் கத்தி அவரவர் பொருளைக் கரையேற்றிக்கொண்டோம். அக்கா அந்த இரண்டு வருடமும் அலுவலகத்துக்கும் ஆஸ்பத்திரிக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ஏரி வந்த வாரத்தில்தான் அந்த அம்மா இறந்துபோனார். பிற்பாடு பேச்சு வரும்போதெல்லாம் அக்கா சொல்வார்: "அந்த ஊர்ல உங்க எல்லாரோடதும் ஏதாவது இருக்கு. நான்தான் ஒண்ணும் வைக்கல." குறையாகச் சொல்லமாட்டார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். ஒன்றாவது வைக்கச் சொல்லி நாங்கள் வற்புறுத்தியிருக்கலாம், செய்யவில்லை.

ஏரி வந்ததும் கரையில் ஒரு பெண் வந்தாள். கையில் விளக்கோடு அசையாமல் நிற்பாள். படகில் வருகிறவர்களுக்குக் கரை காட்டுவது அவள் வேலை. பக்கத்தில் போய்ப் பேசினால், "கரை இந்தப் பக்கம்" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. மற்ற ஊர்க்காரர்களுக்கெல்லாம் வீடு, வேலை, தூக்கம் என்று எழுதினேன். இவளுக்கு மட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த அப்புறம் வரவே இல்லை. அக்காவுக்கு அவள் மேல் தனிப் பாசம். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கேமை நிறுத்திவிட்டுப் போவோம். அக்கா நிறுத்தமாட்டார். கேமுக்குள் நடக்கிற தன் ஆளைக் கொண்டுபோய் விளக்குக்காரி பக்கத்தில், ஏரியைப் பார்த்தபடி நிறுத்திவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு போவார். அரை மணியில் திரும்பி வந்து அங்கிருந்தே நடையைத் தொடர்வார்.

கேம் வெளியாக மூன்று வாரம் இருந்தது. ஒரு நாள் மதியம் அக்கா என் தோளைத் தட்டினார்.

"மூளை, இங்க வா. விளக்குக்காரி ஏரிக்குள்ள உக்காந்திருக்கா."

"எங்க?"

"ஏரிக்குள்ளம்மா. தண்ணிக்கு அடியில. விளக்கு எரியுது."

எழுந்து போனேன். திரையைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்பே கீபோர்டில் ஒரு சாவியை அழுத்தி, அக்காவின் ஆளைத் தண்ணீரை நோக்கி நடத்தினேன். அது என் அவசர புத்தி. ஏரி நீலமாகக் கிடந்தது. திரும்பிப் பார்த்தால், விளக்குக்காரி அவள் இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள்.

"இன்னிக்கு எங்க சாப்பிட்டீங்கக்கா?"

"அவரோட. எங்க கல்யாண நாள் இல்ல? கடைக்குப் போயிருந்தேன்." அக்காவின் கணவர் இரண்டு தெரு தள்ளி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார்.

"அதான். உண்ட மயக்கம்" என்றேன்.

ஆனாலும் பார்க்காமல் விடவில்லை. கேமின் கடிகாரத்தை வேகமாக ஓடவிட்டு இருநூறு நாளைத் தள்ளிப் பார்த்தேன். சூரியன் பம்பரமாகச் சுற்றியது. விளக்குக்காரி ஓர் அங்குலம் நகரவில்லை.

நாலு நாள் கழித்து மறுபடி அதே கூப்பாடு. இந்த முறை எல்லோரும் ஓடினோம். எல்லோரும் ஓடியதில் யார் கையோ பட்டு அக்காவின் ஆள் நாலடி நகர்ந்தது. ஏரியில் ஏதோ மஞ்சளாக ஒரு கணம் தெரிந்த மாதிரி இருந்தது. சூரியன் என்றேன். ரகசியம் கசியாமல் இருக்க, கேம் வெளியாகும் வரை போன்களையெல்லாம் வாசலில் ஒரு செருப்புப் பெட்டியில் போட்டுவிட்டு வருகிற காலம் அது, படம் எடுக்கவும் வழியில்லை. திரையைப் பதிவு செய்கிற கருவியை முன்கூட்டியே போட வேண்டும், போட்டாலும் அரை மணியில் தானாக நின்றுவிடும். அக்கா மூன்று நாள் அதைப் போட்டுப் பார்த்தார். மூன்று நாளும் அரை மணிக்கு விளக்குக்காரி நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள்.

கடைசியில் கேப்டன் முறைப்படி காட்டச் சொன்னார். அக்கா உட்கார்ந்தார். நாங்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்றோம். இருபது நிமிடம் ஆயிற்று. கேப்டனுக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. "நின்னு நின்னு அவளுக்கே போரடிக்கும். ஒரு வார்த்தை பேசுவோம்" என்று கையை நீட்டிப் பேசும் சாவியை அழுத்தினார். "கரை இந்தப் பக்கம்" என்றாள். மறுபடி தொடங்கினோம். மறுபடி அரை மணி. மறுபடி கேப்டன். மூன்றாவது முறைக்கு இசைக்காரர் டீ குடிக்கப் போய்விட்டார்.

பலகையில் இருந்த விதி அக்கா வந்த நாளில் எழுதியது. அதன்படி பட்டியலில் கனவுக் கட்டத்தில் அக்காவின் பெயரைச் சேர்க்க வேண்டியிருந்தது. தட்டச்சு செய்தது நான்தான். அக்கா பக்கத்து மேஜையில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது. நான் மறுபடி அவர் பக்கம் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு அக்கா மாறிவிட்டார். நடப்பார், ஆனால் பட்டியலில் ஒன்றும் சேராது. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். திரையில் ஒரு சந்து. ஒரு சுவரின் மூலையில் விரல் அகலத்துக்கு விரிசல், அதன் வழியே வானம் தெரிந்தது. கைக்குழந்தைக்குக்கூடத் தெரிகிற ஓட்டை.

"இது உனக்கும் தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுதுக்கா."

"நிஜமாத்தானே சொல்ற? எனக்காகச் சொல்லலையே?"

மாடிப்படியில் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். கீழே மெஷின் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது, படி லேசாக அதிர்ந்தது. அக்கா சொன்னார்.

"எங்கம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சது. பெரிசா வயசும் ஆகல. ரூம் மூலையில ஒரு பொம்பள நிக்கறான்னு சொன்னாங்க. நாங்க சிரிச்சோம். தெனம் சொன்னாங்க. 'எவ்வளவு நேரமா நிக்கறா பாவம், உக்காரச் சொல்லு, கால் வலிக்காதா'ன்னு. அப்புறம் என் பேரு மறந்துபோச்சு. அப்புறம் சோத்தை வாயில வைக்கணும்கறது மறந்துபோச்சு. அந்தப் பொம்பளைய மட்டும் கடைசி வரைக்கும் மறக்கல."

"அக்கா..."

"முதல் தடவை அவளைத் தண்ணியில பாத்ததும் கண்ணுதான் கோளாறுன்னு நினைச்சேன். சாப்பாட்டு நேரத்துல அவர் கடைக்குப் போயி டெஸ்ட் பண்ணிக்கிட்டேன். 'கண்ணுல ஒரு குறையும் இல்ல, கழுகுப் பார்வை'ன்னு சிரிச்சாரு. அன்னிக்கே திரும்பி வந்து மறுபடி பாத்தேன். கண்ணு நல்லா இருக்குன்னா, அப்புறம் எது கெட்டுப்போச்சு? சொல்லு."

என் பெயர்தான் மூளை.

"வியாழக்கிழமை எங்கக்கா கூட ஆஸ்பத்திரி போறேன். டாக்டர் என்ன சொன்னாலும் சரி, அன்னிக்கே கேப்டன்கிட்ட லெட்டர் கொடுத்துடுவேன். என் கண்ணை நம்பித்தானே நீங்க எல்லாரும் அந்த ஊரை வெளிய அனுப்பறீங்க? எனக்கே நம்பிக்கை இல்லாதப்போ..." முடிக்காமல் எழுந்து உள்ளே போனார்.

வியாழக்கிழமை மதியம் அவர் இல்லை. மேஜையில் ஓர் உறை இருந்தது, மேலே கேப்டன் பெயர். எல்லோரும் சாப்பிடப் போனார்கள். எனக்குச் சோறு இறங்காது என்று தெரியும். அக்காவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். ஏன் என்று கேட்டால், குற்ற உணர்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும். அவருடைய ஆளை விளக்குக்காரி பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு சாவியையும் தொடவில்லை.

ஏழு வருடமாக அந்த ஊரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல அதைப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஏரி மூச்சு விடுவது போல உயர்ந்து தாழ்ந்தது. தூரத்தில் இசைக்காரரின் மணி ஒரு தடவை அடித்தது. ஓவியரின் பூனை என் தபால்பெட்டி மேல் ஏறிப் படுத்தது. மேகத்தின் நிழல் ஒன்று தண்ணீர் மேல் நடந்து போனது, நான் அதன் கூடவே போய்விட்டேன். மெஷின் சத்தம், தெருச் சத்தம் எல்லாம் எங்கோ விலகிவிட்டன. பக்கத்தில் ஒருத்தி நிற்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. அவளோடு நிற்பது இதமாக இருந்தது. அக்கா ஏன் தினமும் இங்கே வந்து நின்றார் என்று எனக்கு விளங்கியது.

ஐம்பதாவது நிமிடம் விளக்குக்காரி இடுப்பில் கை வைத்தாள்.

அவள் விளக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, மெல்ல நடந்து, தண்ணீரில் இறங்கினாள். முழங்கால், இடுப்பு, தோள். தலையும் மறைந்தது. மஞ்சள் வெளிச்சம் மட்டும் நீலத்துக்குள் இறங்கிக்கொண்டே போய், ஓரிடத்தில் தாழ்ந்து, நின்றது.

அந்த இடுப்பில் வைத்த கை எனக்குத் தெரிந்த கை. முதல் வருடம் நான் எழுதியது அது. ஊர்க்காரர் யாராவது ஒரே இடத்தில் ஐம்பது நிமிடம் நின்று, யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருந்தால், அவருக்குக் கால் வலிக்கும். இடுப்பில் கை வைத்துவிட்டு, பக்கத்தில் எங்கே இருக்கை இருக்கிறதோ அங்கே போய் உட்காருவார். யாராவது கிட்டே வந்தால் எழுந்து பழைய இடத்துக்குப் போய்விடுவார். "ஐம்பது நிமிஷம் எவன் நின்னு பாப்பான்?" என்று கேப்டன் கேட்டார். நானும் அதோடு மறந்துவிட்டேன், அழிக்கவும் இல்லை. மற்ற ஊர்க்காரர்கள் நடமாடிக்கொண்டே இருப்பவர்கள், அவர்களுக்கு அந்த வலி வந்ததே இல்லை. இவள் ஒருத்திதான் நிற்பவள். விளையாடுகிறவர் பக்கத்தில் இருந்தால்தான் அந்தக் கணக்கு ஓடும், அதுவும் கேமின் கடிகாரத்தில் இல்லை, நம் கடிகாரத்தில். நான் ஓட்டிய இருநூறு நாளும் அவளுக்குப் பத்து நிமிடம். கேப்டன் அழுத்திய ஒவ்வொரு சாவியும் கணக்கை முதலிலிருந்து தொடங்கவைத்தது. அக்கா கணவர் கடைக்குப் போன இரண்டு நாளும் திரும்பி வர ஒரு மணி ஆனது. கண்ணைச் சோதிக்கப் போனதால்தான் மறுபடி அது கண்ணில் பட்டிருக்கிறது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது, வெட்கத்தில். அக்கா பார்த்தது அத்தனையும் நிஜம். என் விதி, என் மறதி, அவர் தலையில் விடிந்தது.

இன்னொன்று மீதி இருந்தது. ஏரிக்கு அடியில் எதன் மேல் அவள் உட்கார்ந்தாள்? தண்ணீரை நீக்கிப் பார்த்தேன். அடியில் பழைய புல்வெளி அப்படியே இருந்தது, ஏழு வருடத்துக்கு முந்தைய ஒற்றையடிப் பாதையோடு. பாதையின் முடிவில் ஒரு மரப் பெஞ்சு. இதை யார் போட்டது? வைக்கிற ஒவ்வொரு பொருளுக்கும், வைத்தவர் பெயரும் ஒரு வரிக் குறிப்பும் எங்கள் கருவியில் பதிவாகும். திறந்து படித்தேன். பிறகு அதை மூடிவைத்தேன்.

கேப்டன் வந்ததும் உட்கார வைத்து இன்னொரு ஐம்பது நிமிடம் காட்டினேன். அவர் கையை நான் பிடித்துக்கொண்டேன், சாவிப் பக்கம் போகாமல் இருக்க. பார்த்து முடித்ததும் தலையில் அடித்துக்கொண்டார். மேஜையில் இருந்த உறையைப் பிரிக்காமலே கிழித்துக் குப்பையில் போட்டார்.

நாலு மணிக்கு அக்கா வந்தார், கூடவே அவருடைய அக்காவும். டாக்டர் நிறையக் கேள்வி கேட்டாராம், தலையைப் படம் எடுத்திருக்கிறாராம், முடிவு அடுத்த வாரமாம். "உறை எங்க?" என்று தேடினார்.

"முதல்ல உக்காருங்க" என்றார் கேப்டன். "ஒரு வார்த்தை யாரும் பேசக் கூடாது."

எங்கள் கம்பெனியின் சரித்திரத்தில் அவ்வளவு நேரம் யாரும் வாயை மூடிக்கொண்டிருந்ததில்லை. அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்குக்காரி இடுப்பில் கை வைத்ததும் அக்காவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அவள் இறங்கினாள். வெளிச்சம் இறங்கியது.

"தெரியுதா?" என்று கேட்டார், திரும்பாமல். "எல்லாருக்கும் தெரியுதா?"

"தெரியுதுக்கா" என்றோம், எல்லோரும். அவருடைய அக்காவும் சொன்னார்.

"நான் ஒரு தடவை தனியா பாத்தேன். கேப்டன் ஒரு தடவை. இது மூணு" என்றேன். கேப்டன் பட்டியலைத் திறந்து கனவுக் கட்டத்திலிருந்து அக்காவின் பெயரைத் தன் கையாலேயே அழித்தார். அக்கா புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பழைய சிரிப்பு.

"என்னை இந்தப் பாடு படுத்தின பெஞ்சை எந்தப் புண்ணியவான்மா அங்க போட்டான்?"

மறைத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் நிஜமாகவே தெரிகிறதா என்று இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தவரிடம் எதை மறைப்பது? குறிப்பைத் திறந்து காட்டினேன். அவருடைய பெயர். புல்வெளி தயாரான முதல் மாதத்துத் தேதி. ஒரு வரி: 'அம்மா உட்காரச் சொன்னாங்க.'

அக்கா இரண்டு முறை படித்தார். "நான் வைக்கலையே" என்றார். குரல் சின்னதாகிவிட்டது. "நான் ஒண்ணுமே வைக்கலன்னுதானே உங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன்? எனக்கு ஞாபகமே இல்லையேம்மா."

பின்னால் நின்ற அவருடைய அக்கா குனிந்து தங்கையின் தோளைப் பிடித்தார். "எப்படிடீ இருக்கும்? அந்த வருஷம் பூரா நீ தூங்கவே இல்ல. அம்மா என்ன சாப்பிட்டா, எத்தனை மாத்திரைன்னு எனக்கும் ஒண்ணும் ஞாபகம் இல்ல. அவ சொன்னது மட்டும்தான் காதுல இருக்கு. யாருமே அவ பேச்சைக் கேக்கலன்னு இத்தனை வருஷமா எனக்கு உறுத்தல். நீ கேட்டிருக்க பாரு."

அதற்கப்புறம் இருவரும் அழுதார்கள். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் ஏதோ வேலை இருப்பதாகப் பாவனை செய்தோம். அடுத்த வாரம் வந்த முடிவில் பயப்பட ஒன்றும் இல்லை, வருடத்துக்கு ஒரு தடவை வந்து காட்டச் சொன்னார்கள். ஆனால் அன்று சாயங்காலம் அது எங்களில் யாருக்கும் தெரியாது.

"பெஞ்சை எடுத்துடட்டுமாக்கா?" என்று கேட்டேன். "ஒரு நிமிஷ வேலை."

"எடுத்துட்டா அவ எங்க உக்காருவா?" என்றார். "அது அங்கயே இருக்கட்டும். கரையில இன்னொண்ணு போடணும். கிட்டக்க இருந்தா அங்கதானே போவா?"

நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். புல்வெளிக் காலத்துக்குப் பிறகு பொருள் வைக்கிற அந்தக் கருவியை அவர் தொட்டதில்லை. விளக்குக்காரிக்கு இரண்டு அடி தள்ளி, ஏரியைப் பார்த்த மாதிரி, ஒரு மரப் பெஞ்சு வைத்தார். கோணலாக இருந்ததை நேராக்கினார். கருவி வழக்கம்போல ஒரு வரிக் குறிப்பு கேட்டது. அக்கா கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். முதலில் தன் பெயர், அன்றைய தேதி. அதற்குக் கீழே: 'இதை நான்தான் வைத்தேன். நான் இல்லை என்று சொன்னால், என்னைக் கூட்டிவந்து இதைக் காட்டுங்கள்.'